ஆபீஸ் நண்பர்கள் சொன்ன ஆல்பங்களைக் கேட்டு ஒப்பிடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாங்கள் பதினொரு பேர். ஒரே ஆபீஸ், வேறு வேறு பிரிவு. ஆளுக்கு ஒரு ஆல்பம் சொல்ல வேண்டும், எல்லோரும் எல்லாவற்றையும் முழுசாகக் கேட்க வேண்டும், கடைசியில் உட்கார்ந்து ஒப்பிட வேண்டும், அவ்வளவுதான் விளையாட்டு. ஒன்றரை வருடத்தில் ஐந்து சுற்று முடித்திருக்கிறோம். முதல் சுற்று படுதோல்வி, ஏன் என்பது கீழே வரும். புதிதாகச் சேருகிறவர்களும், தங்கள் ஆபீசில் இதே மாதிரி ஆரம்பிக்கலாமா என்று யோசிக்கிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பதை ஒரே இடத்தில் எழுதிவைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். நான் முறையாக இசை படித்தவன் இல்லை. ஸ்ப்ரெட்ஷீட்டைப் பராமரிக்கிறவன், அதனால் எல்லாக் கேள்வியும் என்னிடம் வருகிறது.

ஒரு ப்ளேலிஸ்ட் போட்டு எல்லோருக்கும் அனுப்பினால் போதாதா? எதற்கு முழு ஆல்பம்?

ப்ளேலிஸ்ட் போடுகிறவர் யாருக்கும் உறுத்தாத பாட்டாகப் பார்த்துப் பொறுக்கிப் போடுவார். இருபதில் நாலு பிடித்தாலே "பரவாயில்லையே" என்று சொல்லிவிடலாம், யாருக்கும் நஷ்டமில்லை. ஆல்பத்தில் அந்த வசதி கிடையாது. நாற்பது நிமிடத்தில் இரண்டு சுமாரான பாட்டு இருக்கும், பாடகரின் பிடிவாதம் இருக்கும், நடுவில் யாரும் கேட்காத ஒரு நீளமான டிரம்ஸ் வாசிப்பு இருக்கும். அதெல்லாம் தெரிந்தும் ஒருவர் "இதைக் கேளுங்க" என்று கொடுக்கிறார் என்றால், அவர் எதற்குப் பொறுமை காட்டுவார், எதைப் பெரிசுபடுத்தாமல் விடுவார் என்பது உங்களுக்குத் தெரிந்துவிடுகிறது. எங்கள் கணக்குப் பிரிவில் ஒரு அண்ணன் இருந்தார். "பில் எங்கே, கையெழுத்து எங்கே" தவிர ஆறு வருடமாக அவரிடம் நான் வேறு எதுவும் பேசியதில்லை. அவர் கொடுத்தது ஒரு வீணைக் கச்சேரிப் பதிவு, எழுபது நிமிடம், நடுவில் சபையில் யாரோ இருமுவதுகூட வெட்டப்படாமல். அதற்கப்புறம் அவரிடம் பில் கொண்டுபோவதே வேறு மாதிரி ஆகிவிட்டது.

எதை ஆல்பம் என்று கணக்கில் எடுப்பது?

வெளியிட்டவர்கள் ஒரே தொகுப்பாக, ஒரு வரிசையோடு வெளியிட்டது எதுவானாலும் சரி. 'பெஸ்ட் ஆஃப்' தொகுப்புகள் மட்டும் வேண்டாம், அது இன்னொரு ப்ளேலிஸ்ட்தான்.

இந்தச் சொல்லுக்கே ஒரு கதை உண்டு. நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் பழைய இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம்தான் பிடிக்கும். பெரிய படைப்பு என்றால் பல தட்டுகள் வேண்டும், அவற்றைப் புகைப்பட ஆல்பம் மாதிரியே அட்டை போட்டு, தாள் உறைகளில் செருகி விற்றார்கள். அதுதான் ஆல்பம். 1948இல் கொலம்பியா நிறுவனம் நீண்ட நேரம் ஓடும் 33⅓ சுற்றுத் தட்டான எல்.பி.யைக் கொண்டுவந்த பிறகு ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் கிடைத்தது, பல தட்டு ஒரே தட்டானது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. இன்றைக்கும் நிறைய ஆல்பங்கள் நாற்பது நிமிடத்தைச் சுற்றியே இருப்பது அந்தப் பழக்கம்தான். 1982இல் சிடி வந்து 74 நிமிடம் கையில் கிடைத்ததும் சிலர் இடம் இருக்கிறதே என்று நிரப்ப ஆரம்பித்தார்கள். தொண்ணூறுகளின் ஆல்பம் ஒன்றைக் கேட்கும்போது பத்தாவது பாட்டுக்கு மேல் உங்களுக்குச் சலிப்பு தட்டினால் உங்கள்மேல் மட்டும் பழி போட்டுக்கொள்ள வேண்டாம்.

சினிமாப் பாட்டுகளைச் சொல்லலாமா?

தமிழில் ஆல்பம் என்றாலே பாதிப் பேருக்குப் படப் பாடல்கள்தான் ஞாபகத்துக்கு வரும், அதைத் தடை செய்தால் விளையாட்டே நடக்காது. ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. படம் பார்த்தவர் காதில் பாட்டோடு காட்சியும் சேர்ந்து ஓடும், பார்க்காதவர் வெறும் பாட்டைக் கேட்பார், இரண்டு பேரும் கேட்பது ஒன்றே இல்லை. அதனால் சினிமா ஆல்பம் என்றால் படம் பார்த்திருக்கிறீர்களா இல்லையா என்று குறிப்பில் முதல் வரியில் எழுதிவிடச் சொல்கிறோம். மூன்றாவது சுற்றில் ஒருவர் இளையராஜாவின் 'ஹௌ டு நேம் இட்' கொடுத்தார். 1986இல் வந்த, படத்தோடு சம்பந்தமில்லாத வாத்திய இசைத் தொகுப்பு. அவருடைய படப் பாட்டுகளை மனப்பாடமாகப் பாடக்கூடிய நாலு பேர் அதை அன்றைக்குத்தான் முதல் தடவை முழுசாகக் கேட்டார்கள்.

மொத்தம் எவ்வளவு நேரம் ஆகும்?

பதினொரு ஆல்பம், சராசரி 45 நிமிடம் என்றால் எட்டே கால் மணி நேரம். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை கேட்டால் பதினாறரை. வாரத்துக்கு ஒரு ஆல்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு மூன்று என்று உற்சாகமாக ஆரம்பித்த ஒரு குழுவை எனக்குத் தெரியும், மூன்றாவது வாரம் அங்கே யாரும் இல்லை.

கட்டாயம் இரண்டு தடவை கேட்க வேண்டுமா?

ஆமாம். முதல் தடவை நீங்கள் கேட்பது பெரும்பாலும் 'இது என்னுடைய பழக்கத்துக்கு எவ்வளவு தூரம்' என்பதைத்தான். குரல் கரகரப்பாக இருக்கிறது, தாளம் எங்கே விழுகிறது என்று பிடிபடவில்லை, பாட்டு எப்போது முடியும் என்று தெரியவில்லை, இந்தக் குழப்பமே மார்க்கைக் குறைத்துவிடும். இரண்டாவது தடவை குழப்பம் போய்விடும், அப்போதுதான் பாட்டு காதில் விழும்.

ஒரு பொருளைத் திரும்பத் திரும்பப் பார்த்தாலே, கேட்டாலே அது கொஞ்சம் பிடித்துப்போகிறது என்று ராபர்ட் ஸயான்ஸ் என்ற உளவியலாளர் 1968இல் காட்டினார். இது நமக்கு இரண்டு பக்கமும் வெட்டும் கத்தி. மற்றவர் ஆல்பத்தை நீங்கள் இரண்டு தடவைதான் கேட்டிருப்பீர்கள், உங்கள் ஆல்பத்தை இருநூறு தடவை கேட்டிருப்பீர்கள். 'என்னுடையது எவ்வளவு பிரமாதம், இவர்களுக்கு ஏன் புரியவில்லை' என்று தோன்றும்போது அந்த நூற்றுத் தொண்ணூற்றெட்டு தடவையையும் கழித்துக்கொள்ளுங்கள்.

வேலை பார்த்துக்கொண்டே கேட்டால் கணக்கில் சேருமா?

வாத்திய இசை, கை வேலை என்றால் ஒரு தடவைக்கு சேர்த்துக்கொள்கிறோம். மெயில் எழுதிக்கொண்டு, அறிக்கை படித்துக்கொண்டு பாட்டு கேட்டால் சேராது. காதில் விழும் வார்த்தையும் கண்ணில் படும் வார்த்தையும் மண்டைக்குள் ஒரே வாசலுக்கு முட்டிக்கொள்ளும், இரண்டும் உருப்படியாக உள்ளே போகாது. மெயிலில் பாட்டு வரியை டைப் பண்ணி அனுப்பியவர் எங்கள் குழுவில் உண்டு. பெயர் வேண்டாம்.

ஒரு விதிவிலக்கு. 1978இல் பிரையன் ஈனோ என்ற ஆங்கிலேய இசைக்கலைஞர் விமான நிலையத்துக்கென்று ஒரு ஆல்பம் போட்டு, கவனித்துக் கேட்கவும் முடிய வேண்டும், கவனிக்காமல் விடவும் முடிய வேண்டும் என்பதையே கொள்கையாக வைத்தார். அந்த மாதிரி இசைக்கு ஒரு தடவை கவனமாகவும் ஒரு தடவை பின்னணியாகவும் கேட்பதுதான் நியாயம்.

ஷஃபிளில், அதாவது வரிசையைக் கலைத்து, போட்டுக் கேட்கலாமா?

கூடாது. 2021 நவம்பரில் பாடகி அடெல் கேட்டுக்கொண்டதற்காக பாட்டுச் செயலியான ஸ்பாட்டிஃபையே ஆல்பம் பக்கத்தில் ஷஃபிள் தானாக ஓடுவதை மாற்றியது. பாட்டு வரிசைக்குப் பின்னால் ஒரு யோசனை இருக்கிறது என்பதுதான் அவர் வாதம். எல்.பி. காலத்தில் இதில் தொழில்நுட்பமும் கலந்திருந்தது. ஊசி தட்டின் நடுவை நெருங்க நெருங்க ஒலித்தரம் குறையும், அதனால் ஆரவாரமான பாட்டை ஆரம்பத்திலும் அமைதியான பாட்டைப் பக்கத்தின் கடைசியிலும் வைப்பது பல பேருக்கு வழக்கம். பழைய ஆல்பம் ஒன்றில் ஐந்தாவது பாட்டு அடங்கி முடிந்து ஆறாவது பாட்டு திடீரென்று எழுந்து நின்றால், அங்கேதான் ஒருவர் எழுந்துபோய்த் தட்டைத் திருப்பிப் போட்டார் என்று புரிந்துகொள்ளுங்கள்.

அப்படியே உங்கள் செயலியில் ஒரு பாட்டின் முடிவையும் அடுத்ததன் ஆரம்பத்தையும் கலக்கும் 'கிராஸ்ஃபேட்' இருந்தால் அணைத்துவிடுங்கள். பாட்டுகளுக்கு நடுவே இடைவெளி விழாமல் ஓடும் வசதி இருந்தால் போட்டுவிடுங்கள். பிங்க் ஃப்ளாய்டின் 1973 ஆல்பம் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' மாதிரி ஒரு பாட்டு அடுத்த பாட்டுக்குள் வழிந்தோடுகிற தொகுப்பில் அரை நொடி மௌனம்கூடப் பல்லில் கல் மாட்டிய மாதிரி இருக்கும்.

நல்ல ஹெட்போன் வாங்க வேண்டுமா?

வேண்டாம், இருப்பதே போதும். ஒரே ஒரு நிபந்தனை, ஒரு சுற்று முழுக்க ஒரே கருவியில் கேளுங்கள். திங்கட்கிழமை ஆல்பத்தை ஹெட்போனிலும் அடுத்ததை போன் ஸ்பீக்கரிலும் கேட்டால் நீங்கள் ஒப்பிடுவது ஆல்பங்களை இல்லை. போன் ஸ்பீக்கர் அவ்வளவு சின்னது, அதில் கீழ்ச்சுருதி ஏறக்குறைய வராது, பேஸ் கிட்டார் வாசித்தவர் பாவம் ஸ்டுடியோவுக்கே வராதவர் ஆகிவிடுவார்.

சில ஆல்பம் சத்தமாகவும் சில மெதுவாகவும் இருக்கிறது. அது மார்க்கைப் பாதிக்குமா?

ரொம்பப் பாதிக்கும், நீங்கள் கவனிக்காமலே பாதிக்கும். ஒரே பதிவை இரண்டு தடவை போட்டு, இரண்டாவது தடவை கொஞ்சூண்டு சத்தம் கூட்டி வைத்தால் பெரும்பாலானவர்கள் 'சத்தம் கூடியிருக்கிறது' என்று சொல்ல மாட்டார்கள், 'இது தெளிவாக இருக்கிறது, பேஸ் நன்றாக இருக்கிறது' என்பார்கள். மெதுவான ஒலியில் நம் காதுக்குக் கீழ்ச்சுருதி சரியாகக் கேட்காது, சத்தம் கூடக்கூட அது மேலே வரும். ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933லேயே இதை அளந்து வளைகோடாகப் போட்டுவிட்டார்கள். ஒலிப்பதிவுத் துறைக்கும் இந்தக் குணம் நன்றாகத் தெரியும். தொண்ணூறுகளிலிருந்து 'என் பாட்டு உன் பாட்டைவிடச் சத்தமாக இருக்க வேண்டும்' என்று போட்டி போட்டு, மெதுவான இடம் சத்தமான இடம் என்ற வித்தியாசத்தையே நசுக்கித் தட்டையாக்கினார்கள். அப்படி நசுக்கிய ஆல்பம் முதல் பத்து நிமிடம் அட்டகாசமாக இருக்கும், முப்பதாவது நிமிடத்தில் காது அலுத்துவிடும், ஏன் அலுக்கிறது என்று உங்களுக்கே தெரியாது.

தீர்வு சுலபம். செயலியின் அமைப்பில் எல்லாப் பாட்டையும் ஒரே ஒலி அளவுக்குக் கொண்டுவரும் வசதி இருக்கும், அதைப் போட்டு வையுங்கள். ஸ்பாட்டிஃபை மாதிரியானவை மைனஸ் 14 லஃப்ஸ் (காதுக்கு எவ்வளவு சத்தமாகக் கேட்கிறது என்பதற்கான அலகு) என்ற அளவை ஒட்டி எல்லாவற்றையும் சமன் செய்கின்றன. ஆல்பமாகப் போட்டால் மொத்தத்தையும் ஒரே விகிதத்தில் ஏற்றி இறக்கும், அதனால் உள்ளே இருக்கும் ஏற்ற இறக்கம் கெடாது. இரண்டாவது சுற்றில் இதைக் கட்டாயமாக்கியதும் ஒரு மெல்லிய குரல் ஆல்பத்தைப் பற்றி "பதிவு சரியில்லை" என்று யாருமே எழுதவில்லை. முதல் சுற்றில் அதே மாதிரி ஆல்பத்துக்கு ஐந்து பேர் எழுதியிருந்தார்கள்.

ஒரே ஆல்பம் நாலு பதிப்பாக இருக்கிறது. எதைக் கேட்பது?

பரிந்துரைத்தவர் சொல்லும் பதிப்பு. அவர் பெயரை மட்டும் சொன்னால் திருப்பி அனுப்புங்கள். டீலக்ஸ் பதிப்பில் முடிந்துபோன ஆல்பத்துக்குப் பின்னால் ஒன்பது துண்டுப் பாட்டு தொங்கும், அதைக் கேட்டுவிட்டு "முடிவு சொதப்பல்" என்று எழுதுவது அநியாயம்.

பதிப்பு மாறினால் இசையே மாறுவதும் உண்டு. ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' 1959இல் வந்தபோது, பதிவு செய்கையில் கருவி ஒன்று மெதுவாக ஓடியதால், சரியான வேகத்தில் திரும்ப ஓட்டும்போது முதல் பக்கத்தின் மூன்று உருப்படிகளும் கொஞ்சம் வேகமாக, சுருதி சற்று ஏறியே தட்டில் ஏறின. தொண்ணூறுகளில்தான் அதைத் திருத்திய பதிப்பு வந்தது. முப்பது வருடத்துக்கு மேல் உலகம் முழுக்க எல்லோரும் ஏறிய சுருதியில் ரசித்தார்கள் என்பது எனக்கு இன்றைக்கும் சிரிப்பாக இருக்கிறது.

மார்க்கை ஏன் மூடி வைக்கச் சொல்கிறீர்கள்? நண்பர்களுக்குள் என்ன ரகசியம்?

இதுதான் முதல் சுற்றை நாசமாக்கியது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அப்போது ஸ்ப்ரெட்ஷீட் எல்லோருக்கும் திறந்திருந்தது. ஒருவர் மார்க் போட்டால் மற்றவர் உடனே பார்க்கலாம். எங்கள் குழுவில் இசை விஷயத்தில் 'இவருக்குத் தெரியும்' என்று எல்லோரும் நினைக்கிற ஒருவர் உண்டு, கிட்டார் வாசிப்பார், ராகம் சொல்வார். அவர் திங்கட்கிழமை காலையிலேயே ஒரு ஆல்பத்துக்கு 9 போட்டு "தலைசிறந்த படைப்பு" என்று எழுதினார். அந்த வாரம் முடியும்போது வரிசையாக 9, 8, 9, 9, 8. அடுத்த வாரம் வேறொரு ஆல்பத்துக்கு ஒருத்தர் முதல் ஆளாக "லிஃப்டில் போடுற மியூசிக்" என்று கிண்டல் பண்ணினார். 4, 3, 4, 5. சுற்று முடிந்து தனித்தனியாகப் பேசும்போதுதான் தெரிந்தது, அந்த 9 போட்டவர்களில் மூன்று பேர் ஆல்பத்தைப் பாதிக்கு மேல் கேட்கவே இல்லை, கிண்டலுக்கு ஆளான ஆல்பத்தை இரண்டு பேர் இன்னும் ராத்திரியில் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஊரோடு ஒத்து வாழ் என்பதை இவ்வளவு உண்மையாகக் கடைப்பிடித்து நான் பார்த்ததில்லை.

இது எங்கள் ஆட்களின் பலவீனம் மட்டும் என்று நினைத்தேன். இல்லை. 2006இல் 'சயின்ஸ்' இதழில் சால்கனிக், டாட்ஸ், வாட்ஸ் மூவரும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். அதிகம் தெரியாத இசைக்குழுக்களின் 48 பாட்டுகளை இணையத்தில் வைத்து, 14,000க்கும் மேற்பட்டவர்களைக் கேட்க வைத்தார்கள். ஒரு பிரிவினருக்குப் பாட்டு மட்டும். மற்றவர்களை எட்டு தனித்தனி 'உலக'மாகப் பிரித்து, அந்தந்த உலகத்தில் எந்தப் பாட்டை எத்தனை பேர் பதிவிறக்கினார்கள் என்பதையும் காட்டினார்கள். எண்ணிக்கையைப் பார்த்த உலகங்களில் மேலே போன பாட்டு இன்னும் மேலே போனது, கீழே இருந்தது இன்னும் கீழே. முக்கியமான விஷயம் என்னவென்றால், எந்தப் பாட்டு மேலே போகும் என்பது உலகத்துக்கு உலகம் மாறியது. ரொம்ப நல்ல பாட்டு அடியோடு விழுவது அபூர்வம், ரொம்ப மோசமானது உச்சிக்குப் போவதும் அபூர்வம், நடுவில் இருந்தவை எங்கே வேண்டுமானாலும் போயின. நாம் ஒப்பிடும் ஆல்பங்களில் பெரும்பாலானவை அந்த நடுவில்தான் இருக்கும்.

அதனால் இப்போது வழி இதுதான்: ஒவ்வொருவரும் குறிப்பையும் வரிசையையும் எனக்கு மட்டும் தனியாக அனுப்புவார்கள், பதினொன்றும் வந்து சேர்ந்த பிறகு ஒரே நாளில் திறப்போம். அதுவரை சாப்பாட்டு நேரத்தில்கூட அந்த வார ஆல்பத்தைப் பற்றிப் பேச்சில்லை. முகத்தைச் சுளிப்பதும் பேச்சுதான்.

குறிப்பில் என்ன எழுதுவது? எனக்கு இசை தெரியாது.

தெரிந்தவர்கள் எழுதுவதுதான் பல சமயம் உதவாது. "அருமையான இசைக்கோர்ப்பு" என்று எழுதினால் யாருக்கு என்ன புரியும்? எந்தப் பாட்டில், எத்தனையாவது நிமிடத்தில், என்ன நடந்தது, உங்களுக்கு என்ன ஆனது என்று எழுதுங்கள். "மூணாவது பாட்டு, 2:40, எல்லா வாத்தியமும் நின்னு குரல் மட்டும் வருது, படிக்கட்டில் ஏறிட்டிருந்தேன், நின்னுட்டேன்." இது எங்கள் வரவேற்பு மேசையில் இருக்கும் அக்கா எழுதியது, ஐந்து சுற்றிலும் வந்த குறிப்புகளில் எனக்கு இதுதான் பிடித்தது. இதைப் படித்தவுடன் ஆறு பேர் அந்த இடத்துக்குத் திரும்பப் போய்க் கேட்டார்கள்.

என்ன எழுதுவது என்றே தெரியாவிட்டால் மறுநாள் காலை எந்த வரி அல்லது மெட்டு உங்கள் வாயில் முணுமுணுப்பாக வந்தது என்று எழுதுங்கள். எதுவும் வரவில்லை என்றால் அதையும்.

பத்துக்கு மார்க் போட்டுச் சராசரி எடுத்தால் முடிந்தது, இல்லையா?

முடியாது, தகராறுதான் வரும். ஒருவர் எதற்கும் 7க்கும் 8க்கும் நடுவிலேயே நிற்பார், இன்னொருவர் 3லிருந்து 10 வரை தாவுவார். மஞ்சள் அட்டை ஆல்பம், நீல அட்டை ஆல்பம் என்று இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் மஞ்சளுக்கு 7, நீலத்துக்கு 8 போடுகிறார்கள். தாவுகிறவர் மஞ்சளுக்கு 10, நீலத்துக்கு 3 போடுகிறார். சராசரி மஞ்சளுக்கு 8, நீலத்துக்கு 6.3. மூன்றில் இரண்டு பேருக்குப் பிடித்தது நீலம், ஜெயித்தது மஞ்சள். சத்தமாகப் பேசுகிறவர் கூட்டத்தில் ஜெயிக்கிற கதைதான் இதுவும்.

மார்க்குக்குப் பதில் வரிசை கேளுங்கள். ஆளுக்குப் பத்து ஆல்பம் (தன்னுடையது நீங்கலாக), முதலிடத்துக்கு 10 புள்ளி, கடைசிக்கு 1. கூட்டினால் ஒரு ஆல்பத்துக்கு அதிகபட்சம் 100. இது 1770இல் ஃபிரெஞ்சுக்காரர் போர்தா தேர்தலுக்காகச் சொன்ன முறை. குறை இல்லாமலில்லை. அதே நாட்டுக்காரர் கோந்தோர்சே 1785இல் ஒரு வேடிக்கையைக் காட்டினார். எனக்கு மஞ்சள், நீலம், சிவப்பு என்று வரிசை. உங்களுக்கு நீலம், சிவப்பு, மஞ்சள். மூன்றாமவருக்கு சிவப்பு, மஞ்சள், நீலம். இப்போது இரண்டிரண்டாக மோதவிட்டால் மஞ்சள் நீலத்தை 2க்கு 1 என்று ஜெயிக்கும், நீலம் சிவப்பை ஜெயிக்கும், சிவப்பு மஞ்சளை ஜெயிக்கும். மூன்று பேருமே தெளிவாகத்தான் இருக்கிறோம், குழுவுக்குத்தான் தெளிவில்லை. நான்காவது சுற்றில் முதல் மூன்று இடத்தில் எங்களுக்குக் கிட்டத்தட்ட இப்படியே ஆகி, அதைப் பற்றி மட்டும் ஒரு மணி நேரம் பேசினோம். பரிசு எதுவும் கிடையாது என்பதை யாரோ ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது.

தன் ஆல்பத்தைத் தானே வரிசையில் வைக்கலாமா?

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. ஐரோப்பிய நாடுகள் மோதும் யூரோவிஷன் பாட்டுப் போட்டியிலேயே சொந்த நாட்டுக்கு ஓட்டுப் போட முடியாது, நமக்கு என்ன விதிவிலக்கு?

மேனேஜர் சொன்ன ஆல்பம் எனக்குப் பிடிக்கவே இல்லை. என்ன செய்வது?

யார் எதைச் சொன்னார் என்பதையும் மூடிவைத்தால் இந்தக் கேள்வியே வராது. முதல் நாள் பட்டியலில் ஆல்பம் பெயர் மட்டும், ஆள் பெயர் கடைசி நாளில். பாதியைச் சரியாக ஊகித்துவிடுவீர்கள், பரவாயில்லை, மீதிப் பாதிதான் சுவாரசியம். எங்கள் மேனேஜருடையது என்று எல்லோரும் பயந்து பயந்து மேலே வைத்த ஒரு ஆல்பம் பயிற்சிக்கு வந்த பையனுடையது. மேனேஜருடையது ஒன்பதாவது இடத்தில் இருந்தது, அவரே சிரித்துவிட்டார்.

மொழி புரியாத பாட்டை எப்படி மதிப்பிடுவது?

முதல் தடவை வார்த்தை இல்லாமல் கேளுங்கள், குரலையும் ஒரு வாத்தியமாக எடுத்துக்கொண்டு. இரண்டாவது தடவைக்கு முன் பரிந்துரைத்தவர் பாட்டுக்கு ஒரு வரியில் பொருள் எழுதித் தரட்டும். முழு மொழிபெயர்ப்பு வேண்டாம், அதைப் படித்துக்கொண்டே இருப்பீர்கள், பாட்டு ஓடிப்போய்விடும். ஒரு தடவை நாங்கள் ஏழு பேர் காதல் பாட்டு என்று உருகி எழுதியது தொலைந்துபோன நாயைப் பற்றிய பாட்டு. ஆனால் உருகியதை யாரும் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

இந்த வகை இசையே எனக்கு ஆகாது. தலைவலி வருகிறது.

தலைவலி வந்தால் நிறுத்துங்கள், இது தேர்வு இல்லை. வெறுமனே 'பிடிக்காத வகை' என்றால் கேள்வியை மாற்றிக்கொள்ளுங்கள். 'எனக்குப் பிடிக்கிறதா' என்பதை ஓரமாக வைத்துவிட்டு 'இதை விரும்புகிறவருக்கு இது எதைக் கொடுக்கிறது' என்று கேட்டுப் பாருங்கள். கனத்த மெட்டல் இசையில் நான் இன்றுவரை ஒரு ஆல்பத்தையும் தானாகத் தேடிப் போட்டதில்லை, ஆனால் இரண்டு டிரம் அடிகளுக்கு நடுவே இருக்கும் துல்லியம் எப்படிப்பட்டது என்று இப்போது காதுக்குத் தெரிகிறது.

ஒரே ராகம் ஐம்பது நிமிடம் போகிற பதிவையும் பன்னிரண்டு பாட்டு ஆல்பத்தையும் எப்படி ஒப்பிட முடியும்?

பாட்டுப் பாட்டாக மார்க் போட்டால் முடியாது, அதனால்தான் போடுவதில்லை. முதல் பதினைந்து நிமிடம் தாளமே இல்லாமல் ஆலாபனை போகிறபோது 'இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே' என்று நினைக்காதீர்கள், ஆரம்பித்துவிட்டது. எங்கள் வீணை அண்ணன் ஒரு யோசனை சொன்னார்: வாசிப்பவர் எந்த ஸ்வரத்தைத் தொடாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறார் என்று மட்டும் கவனியுங்கள், பெயர் தெரிய வேண்டாம், 'அந்த உயரமான இடம்' என்று தெரிந்தால் போதும். அவர் அங்கே போய் நிற்கும்போது உங்களுக்கே தெரியும். எனக்குத் தெரிந்தது.

பாதியில் நிறுத்திவிட்டால்?

நிறுத்திய நிமிடத்தை எழுதுங்கள், வரிசையில் சேர்க்காதீர்கள். பொய்யாக ஒரு இடம் கொடுப்பதைவிட அது மேல்.

நான் எந்த ஆல்பத்தைச் சொல்வது?

முதல் சுற்றிலேயே உயிருக்கு உயிரான ஆல்பத்தைக் கொடுக்காதீர்கள். பதின்வயதிலும் இருபதுகளின் ஆரம்பத்திலும் கேட்ட பாட்டு எல்லோருக்கும் கூடுதலாக ஒட்டிக்கொள்ளும். அதில் பாதி பாட்டு, மீதி அந்த வயது. உங்கள் பதினேழு வயதை மற்ற பத்துப் பேரும் கேட்க முடியாது, பாட்டை மட்டும்தான் கேட்பார்கள், 'ஓகே' என்பார்கள், உங்களுக்கு வலிக்கும். கடந்த ஓரிரு வருடத்தில் உங்களை ஆச்சரியப்படுத்திய ஒன்றைக் கொடுங்கள். உயிரானதை மூன்றாவது சுற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதற்குள் இவர்கள் எப்படிக் கேட்பவர்கள் என்று உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

இவ்வளவு கேட்டால் காது என்ன ஆகும்?

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகிவிடும், 83 என்றால் 20 மணி நேரம். நம் விளையாட்டுக்கு இது தாராளம். ஆனால் இரைச்சலான பயணத்தில் சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு, இறங்கிய பிறகு குறைக்க மறந்துவிடுகிறோமே, அதுதான் கணக்கைக் கெடுக்கும்.

கடைசி இடம் வந்த ஆல்பத்தை என்ன செய்வது?

ஆறு மாதம் கழித்து, அறிவிக்காமல், பட்டியலுக்குள் திரும்பச் செருகிப் பாருங்கள். இரண்டு தடவை செய்திருக்கிறேன். ஒன்று மறுபடியும் கடைசியிலேயே நின்றது, அதில் சந்தேகமே இல்லை. இன்னொன்று வீணை அண்ணன் கொடுத்தது, திறந்த ஸ்ப்ரெட்ஷீட் காலத்தில் பதினொன்றாவது இடம், இந்தத் தடவை நான்காவது. அதற்குள் அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். போன் பண்ணிச் சொன்னேன். "அந்த இருமலையும் சேர்த்துத்தானே கேட்டீங்க?" என்றார். ஆமாம் என்றேன். அடுத்த சுற்றுக்கு வெளியிலிருந்தே ஒன்று அனுப்பலாமா என்று கேட்டார், அனுப்பியும்விட்டார், தொண்ணூற்று இரண்டு நிமிடம்.